பத்துக்கு நான்கு

அன்பு மகள் மூக்கிக்கு,

அம்மா எழுதுவது. உறையின் மேல் அப்பாவின் கையெழுத்தைப் பார்த்து ஏமாந்து பிரித்திருப்பாய். என் கையெழுத்தில் முகவரி இருந்தால் நீ பிரிக்கவே மாட்டாய் என்று அவர்தான் சொன்னார். பிரித்தது பிரித்துவிட்டாய், கிழித்துப் போடுவதானாலும் ஒரு தடவை படித்துவிட்டுக் கிழி. நலம், நலமறிய ஆவல் என்று ஆரம்பிக்கக் கை வரவில்லை. நீ நலமில்லை என்பது எனக்குத் தெரியும். அதற்குக் காரணம் யார் என்பதும் தெரியும்.

முதலில் செய்தியைச் சொல்லிவிடுகிறேன். எனக்கு வலது முழங்கால் மூட்டு மாற்று ஆபரேஷன் முடிந்து இன்றோடு ஒன்பது நாள். பயப்படாதே, தையல் நன்றாக ஆறிக்கொண்டிருக்கிறது. வாக்கரைப் பிடித்துக்கொண்டு படுக்கையிலிருந்து சமையலறை வரை போய் வருகிறேன். இதெல்லாம் அப்பா உனக்கு ஏற்கெனவே சொல்லியிருப்பார். ஞாயிற்றுக்கிழமை தவறாமல் தண்ணீர் கேன் வாங்கி வருகிறேன் என்று கிளம்பி, முக்கால் மணி நேரம் கழித்துக் கேனும் இல்லாமல், கண்ணும் சிவந்து திரும்பி வருகிற மனிதர் யாரோடு போனில் பேசிவிட்டு வருகிறார் என்று கண்டுபிடிக்கக் கணக்கு டீச்சர் மூளை வேண்டியதில்லை. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்க உன் அப்பாவுக்கு இந்த வயதிலும் வரவில்லை. இரண்டு வருடம் நான்கு மாதமாக நானும் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை.

முப்பத்தொரு வருடம் கரும்பலகைக்கு முன்னால் நின்று தேய்ந்த முட்டி. கடைசியில் மாடிப்படியைப் பக்கவாட்டில் நண்டு மாதிரி இறங்க வேண்டியதாகிவிட்டது. போன மழைக்காலத்திலேயே டாக்டர் மாற்றச் சொன்னார். இந்த வலி என்ன பெரிய வலி, பார்த்துக்கொள்ளலாம் என்று தள்ளிப் போட்டேன். இந்த வாக்கியத்தை என் வாயிலிருந்து நீ எத்தனை முறை கேட்டிருப்பாய் என்று எழுதும்போதுதான் உறைக்கிறது.

ஆபரேஷனுக்கு முந்தின நாள் மயக்க மருந்து டாக்டரம்மா வந்து என் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து விளக்கினார். முதுகில் ஒரு ஊசி போட்டு இடுப்புக்குக் கீழே மரத்துப் போகச் செய்வார்களாம், அது ஆபரேஷனுக்கு. மூட்டை மாற்றிவிட்டுத் தைக்கும் முன், சர்ஜன் உள்ளேயே சுற்றிலும் மரப்பு மருந்தை ஊசியால் போடுவாராம். அது போக, தொடையில் ஸ்கேன் பெட்டியை வைத்துப் பார்த்துக்கொண்டே, முட்டிக்குப் போகிற நரம்பைச் சுற்றி இவர் ஓர் ஊசி போடுவாராம். பல் பிடுங்கும்போது ஈறில் போடுவார்களே, அதே குடும்பத்து மருந்துதான் என்றார். ஏறக்குறைய ஒரு நாள் தாங்கும். அதற்குப் பிறகு அவர் சொன்னதுதான் முக்கியம். 'ஊசியோட வேகம் இறங்குற நேரத்துல வலி சொல்லிக்கிட்டு வராதும்மா. ஒரேயடியா வந்து நிக்கும். அதனால வலி இல்லாதபோதே மாத்திரையை வேளாவேளைக்குப் போட்டுக்கணும்' என்றார். நான் தலையாட்டினேன். கடைசி பெஞ்சுப் பிள்ளைகள் என்னிடம் எப்படித் தலையாட்டுவார்களோ அப்படி.

ஆபரேஷன் காலை எட்டரைக்கு. மதியம் கண் விழித்துப் பார்த்தால் கால் என்னுடையது மாதிரியே இல்லை. வலி என்கிற பேச்சே இல்லை. பக்கத்துக் கட்டிலில் எனக்கு அடுத்து ஆபரேஷன் ஆன ஒரு அம்மா. நாற்பது வருடம் நின்றபடியே இஸ்திரி போட்டு முட்டி போனவர். இஸ்திரி அம்மா என்றே வார்டு முழுக்கக் கூப்பிட்டார்கள். அவருக்கு ஊசி கொஞ்சம் முன்னாலேயே இறங்க ஆரம்பித்துவிட்டது போல. மாலையில் நர்ஸ் வந்து வலி பத்துக்கு எத்தனை என்று கேட்டால், 'பத்து பத்தாதும்மா, பதினஞ்சுன்னு எழுதிக்கோ' என்று கத்துவார். நர்ஸ் சிரித்துக்கொண்டே உடனே மருந்து ஏற்றுவார். எனக்குச் சிரிப்பாகவும் இருந்தது, கொஞ்சம் இளக்காரமாகவும் இருந்தது. பத்துக்குப் பதினைந்து என்பது எந்த ஊர்க் கணக்கு என்று அப்பாவிடம் முணுமுணுத்தேன்.

நர்ஸ் கொடுத்த மாத்திரைகளை நான் விழுங்கவில்லை. சாப்பிட்டுவிட்டுப் போட்டுக்கொள்கிறேன் என்று வாங்கி, மூக்குக்கண்ணாடிக் கூட்டுக்குள் போட்டு மூடிவிட்டேன். மாலை வேளை ஒன்று, படுக்கும் முன் ஒன்று, விடிந்ததும் ஒன்று. வலிக்காத காலுக்கு எதற்கு மாத்திரை, மற்றவர்கள் மாதிரி நானும் கோழையா என்று ஒரு திமிர். உன்னிடம் ஒளிக்க என்ன இருக்கிறது, திமிர்தான்.

மறுநாள் காலை ஒன்பது மணிக்கு ஊசி இறங்கியது. எப்படிச் சொல்வது, கதவிடுக்கில் விரல் நசுங்கினால் ஒரு கணம் உயிர் போய்த் திரும்புமே, அந்த ஒரு கணம் முடியவே இல்லை. கதவைத் திறக்க ஆள் வரவில்லை. நர்ஸ் வந்து கேட்டார்: 'பத்துக்கு எத்தனை டீச்சர்?'

அப்போது என் மனசு செய்த காரியத்தை நீ நம்ப மாட்டாய். இல்லை, நீ ஒருத்திதான் நம்புவாய். அந்த வலியிலும் நான் உட்கார்ந்து மார்க் போட்டேன். பத்து என்றால் செத்தவர்களுக்கு. ஒன்பது, தீயில் வெந்தவர்களுக்கு. எட்டு, கை கால் போனவர்களுக்கு. நான் ஆஸ்பத்திரியில், மெத்தையில், மின்விசிறிக்குக் கீழே படுத்திருக்கிறேன், எனக்கு என்ன கேடு என்று ஒவ்வொன்றாகக் கழித்துக்கொண்டே வந்து 'நாலு' என்றேன். என்னிடம் நான்கு வாங்குவது எவ்வளவு கஷ்டம் என்று பாவம், அந்த நர்ஸுக்கு எப்படித் தெரியும்? 'நாலுதானே, மாத்திரை வேற போட்டிருக்கீங்க, அடங்கிரும்' என்று எழுதிக்கொண்டு அடுத்த கட்டிலுக்குப் போய்விட்டார். பன்னிரண்டு மணிக்குத் திரும்ப வந்து கேட்டபோது கருணை மார்க் போட்டு ஐந்து என்றேன். ஒரு மாத்திரை கொடுத்தார். இந்தத் தடவை விழுங்கினேன். எரிகிற வீட்டில் ஒரு டம்ளர் தண்ணீர் ஊற்றியது போலத்தான்.

இரண்டு மணிக்கு என்னை எழுப்பி நிற்க வைக்க, உடற்பயிற்சி சொல்லித் தருகிற பிசியோ வந்தார். வழுக்கைத் தலை, கனத்த கை, அதிகம் பேசாத மனிதர். நர்ஸ் மார்க் எழுதி வைத்த அட்டையைப் பார்த்தார், என் முகத்தைப் பார்த்தார், மறுபடி அட்டையைப் பார்த்தார். நான் கட்டில் கம்பியைப் பிடித்திருந்த விரல்களைப் பிரித்துப் பார்த்தார். வெளுத்துப் போயிருந்தன. 'டீச்சரம்மா, இது நாலு இல்ல' என்று மட்டும் சொல்லிவிட்டு மயக்க மருந்து டாக்டரைக் கூப்பிடப் போனார். அந்தப் பதற்றத்தில் அப்பா எனக்குக் கண்ணாடி போட்டுவிடலாம் என்று கூட்டைத் திறந்தார். மாத்திரைகள் மூன்றும் படுக்கையில் உருண்டன. அவர் திட்டவில்லை. ஒவ்வொன்றாகப் பொறுக்கி உள்ளங்கையில் வைத்துக்கொண்டு நின்றார்.

டாக்டரம்மா வந்தார். மாத்திரையைப் பார்த்தும் கோபப்படவில்லை. அதே தொடையில், அதே ஸ்கேன் பெட்டியை வைத்து, மறுபடி ஊசி போட்டார். போட்டுக்கொண்டே பேசினார். 'உங்க எக்ஸ்ரே என்கிட்ட இருக்கு, ரத்தப் பரிசோதனை இருக்கு. வலி மட்டும் எந்தப் படத்துலயும் விழாதும்மா. நீங்க சொல்றதை அப்படியே நம்புறதைத் தவிர எனக்கு வேற வழி கிடையாது. நீங்களே உங்களை நம்பலைன்னா நான் எதை வச்சு மருந்து போடுறது?' என்று கேட்டார். கொஞ்ச நேரத்தில் முட்டியைச் சுற்றி வெதுவெதுப்பாக ஏதோ பரவியது. ஒரு கால் மணியில் கதவு திறந்துவிட்டது. அப்போதுதான் நான் அழ ஆரம்பித்தேன். ஊசி வேலை செய்யவில்லையோ என்று டாக்டரம்மா பயந்தே போனார்.

உன் அப்பா பஸ் நிலையத்தில் நேரம் எழுதுகிற வேலை பார்த்தவர் இல்லையா, சட்டைப்பையில் அந்தக் குட்டி நோட்டு இன்றும் உண்டு. எந்த மருந்து எத்தனை மணிக்கு என்று ஆஸ்பத்திரியிலும் எழுதிக்கொண்டே இருந்தார். அழுகை ஓய்ந்த பிறகு, எவ்வளவு நேரம் இப்படி இருந்தேன் என்று அவரிடம் கேட்டேன். நோட்டைப் பார்த்து, ஐந்து மணி நேரம் என்றார். பிறகு நோட்டை மூடிவிட்டு, என்னைப் பார்க்காமல், 'அவளும் அவ்வளவு நேரந்தான் இருந்தா' என்றார்.

மூக்கி, இந்த இடத்தில் நேற்று எழுதுவதை நிறுத்திவிட்டேன். இன்று காலையில் தொடர்கிறேன்.

அன்று நீ போன் செய்தது காலை ஒன்பதே கால். வயிறு கல் மாதிரி இறுகிவிட்டது, வலி விட்டு விட்டு வரவில்லை, நிற்கவே இல்லை என்றாய். எட்டாவது மாதம் தொடங்கி நான்கு நாள். மாப்பிள்ளை வேலையாக வெளியூர் போயிருந்தார். நான் என்ன சொன்னேன் என்று உனக்கு ஞாபகம் இருக்கும், எனக்கும் ஒரு எழுத்து மறக்கவில்லை. 'இது பொய் வலிடி, பத்துக்கு ரெண்டு மார்க் கூடத் தேறாது. வெந்நீர் குடிச்சுட்டு இடது பக்கமாப் படு. இதுக்கெல்லாம் ஆஸ்பத்திரிக்கு ஓடினா நர்ஸுங்க சிரிப்பாங்க' என்றேன். நீ அம்மா பேச்சைக் கேட்டாய். வாழ்நாளில் அம்மாவை எதிர்த்தே பேசிய பெண், அன்றைக்குப் பார்த்துக் கேட்டாய். இரண்டு மணிக்குப் பக்கத்து வீட்டுக்காரர்கள் உன்னைத் தூக்கிக்கொண்டு போனார்கள்.

சீக்கிரம் வந்திருந்தால் குழந்தை ஒருவேளை பிழைத்திருக்கலாம் என்று அங்கே டாக்டர் சொன்னதாக நீ என்னிடம் சொன்னாய். அந்த 'ஒருவேளை'யைப் பிடித்துத் தொங்கிக்கொண்டுதான் இரண்டு வருடம் நான்கு மாதம் ஓட்டினேன். ஒருவேளைதானே, நிச்சயம் இல்லையே என்று. அந்த ஒரு சொல்லுக்குப் பின்னால் இந்த உடம்பு முழுக்க ஒளிந்திருந்தது.

உனக்குத் தெரியாத ஒன்று இருக்கிறது. அப்பாவுக்கும் தெரியாது. நீ போன் செய்தபோது நான் சாப்பாட்டு மேசையில் விடைத்தாள் திருத்திக்கொண்டிருந்தேன். போனைத் தோளுக்கும் காதுக்கும் நடுவில் இடுக்கிக்கொண்டு, கையில் சிவப்புப் பேனாவோடு பேசினேன். நீ அழுதபோது ஒரு தாளின் மார்க்கைக் கூட்டிக்கொண்டிருந்தேன். ஐம்பத்தெட்டு வந்தது. நீ வைத்த பிறகு, கவனம் சிதறியதே என்று அந்தத் தாளை மட்டும் இன்னொரு தரம் கூட்டிச் சரிபார்த்தேன். யாரோ பெற்ற பிள்ளைக்கு ஒரு மார்க் தவறிவிடக் கூடாது என்று பதறிய எனக்கு, உன்னைத் திரும்பக் கூப்பிட்டு இப்போது எப்படி இருக்கிறது என்று கேட்கத் தோன்றவில்லை. இதைச் சொல்லாமல் மன்னிப்புக் கேட்பது பாதி விடை எழுதிவிட்டு முழு மார்க் கேட்பது போல. அதனால் எழுதிவிட்டேன்.

ஆறாம் வகுப்பில் நீ சைக்கிளிலிருந்து விழுந்து கை வலிக்கிறது என்றபோதும் ஒன்றுமில்லை போ என்று பரீட்சைக்கு அனுப்பியவள்தானே நான். மூன்றாம் நாள் மாவுக்கட்டுப் போட்டார்கள். அந்தக் கட்டோடு இருந்த உன்னிடமும், இடது கையால் எழுதிப் பழகு என்றேன். தலைவலியும் காய்ச்சலும் தனக்கு வந்தால்தான் தெரியும் என்று எத்தனை பேருக்கு நான் பழமொழி சொல்லியிருக்கிறேன். எல்லாம் ஊருக்கு. எனக்கென்று ஒன்றும் எடுத்து வைத்துக்கொள்ளவில்லை.

டாக்டர் சொன்னதை நீ என்னிடம் போனில் சொன்ன அன்று உன் கடைசி வார்த்தை, 'நீ போட்ட மார்க் தப்பும்மா.' அதற்கு நான் பதில் சொல்லவில்லை. நீ போனை வைத்தாய். பிறகு என் எண்ணை எடுக்கவே இல்லை. பிடிவாதத்தில் யாரைக் கொண்டிருக்கிறாய் என்று நான் சொல்ல வேண்டியதில்லை, மூக்கோடு சேர்த்து அதையும் என்னிடமிருந்துதான் வாங்கிக்கொண்டாய். பள்ளிக்கூடத்தில் யாரும் மறு கூட்டலுக்குக் கேட்டால் எனக்கு வருகிற கோபந்தான் உன் மேலும் வந்தது. ஆமாம், தப்பு. திருத்தியவள் தப்பு, எழுதியவள் இல்லை.

வீட்டுக்குக் கிளம்புகிற அன்று இஸ்திரி அம்மா என் கட்டிலுக்கு நடந்தே வந்துவிட்டார். பதினைந்து மார்க் போட்டவர் என்னை விட இரண்டு நாள் முன்பே நடந்துவிட்டார், பார்த்துக்கொள். கையைப் பிடித்துக்கொண்டு, டீச்சருக்கு எத்தனை பிள்ளைகள் என்று கேட்டார். ஒரு பெண் என்றேன். பேரப்பிள்ளை என்று கேட்டார். இத்தனை நாளும் யார் கேட்டாலும் இல்லை என்றுதான் சொல்லி வந்தேன். அன்று என்னவோ, 'ஒரு பேத்தி' என்று வாய் சொல்லிவிட்டது. அடடே, என்ன பேரு என்றார் சிரித்துக்கொண்டே.

எனக்குத் தெரியவில்லை, மூக்கி. அவர் கேட்டுவிட்டு நிற்கிறார், நான் வாயைத் திறந்தபடி உட்கார்ந்திருக்கிறேன். அப்பா பையைத் தூக்கிக்கொண்டு தரையைப் பார்த்தார். மயக்க மருந்தில் டீச்சருக்குப் பேரெல்லாம் மறந்துபோச்சு என்று அந்த அம்மாவே ஒரு காரணம் கண்டுபிடித்து, என் தலையைத் தடவிவிட்டுப் போனார்.

வண்டியில் வரும்போது அப்பாவிடம் கேட்டேன், குழந்தைக்குப் பெயர் வைத்தார்களா என்று. 'வச்சாங்க. நீ கேட்டாத்தானே நான் சொல்ல?' என்றார். நீ அவளைக் கொஞ்ச நேரம் கையில் வைத்திருந்தாய் என்றும், பெயர் சொல்லிக் கூப்பிட்டாய் என்றும் சொன்னார். பெயரைச் சொல்ல வாயெடுத்தார். நான் அவர் வாயைப் பொத்திவிட்டேன். அவரிடமிருந்து தெரிந்துகொள்ள எனக்கு உரிமை இல்லை. இரண்டு வருடம் நான்கு மாதமாகப் பேத்தியின் பெயரைக் கேட்காத ஒருத்தி அதை இரவல் வாங்கக் கூடாது.

அதனால் உன்னைக் கேட்கிறேன். அவள் என்ன எடை இருந்தாள்? முடி இருந்ததா? அவளுக்கும் இந்த மூக்குதானா? அன்று உனக்கு எவ்வளவு வலித்தது? பத்து என்றால் பத்து, நூறு என்றால் நூறு, நீ சொல்கிற எண்ணை நான் திருத்த மாட்டேன். இன்னமும் வலிக்கிறதென்றால் அதையும் சொல். போதும், இவ்வளவு நாள் ஆகிவிட்டதே என்று இந்த வாய் இனி சொல்லாது.

எழுத முடியாவிட்டால் எழுத வேண்டாம். வருகிற ஞாயிற்றுக்கிழமை அப்பா தண்ணீர் கேன் வாங்கக் கிளம்பும்போது நானும் வாக்கரைப் பிடித்துக்கொண்டு தெருமுனை வரை கூடப் போவதாக இருக்கிறேன். நூற்றுப் பத்து அடி, எண்ணி வைத்திருக்கிறேன். போகிற போக்கில் வலிக்கும். வலித்தால் வலிக்கிறது என்று சொல்லப் பழகிக்கொண்டிருக்கிறேன். நான் பேச மாட்டேன். அப்பா போனைக் கொஞ்சம் என் காதுப் பக்கம் சாய்த்துப் பிடிப்பார். நீ அவரிடம் பேசுகிறதைப் பேசு. நடுவில் ஒரே ஒரு தடவை, மனசு வந்தால், அவள் பெயரைச் சொல்.

மாப்பிள்ளைக்கு என் அன்பைச் சொல். நீ வேளைக்குச் சாப்பிடு. எந்த வலியானாலும் யாரிடமும் கேட்டுக்கொண்டு நிற்காமல் உடனே டாக்டரிடம் போ, என்னிடம் கூடக் கேட்காதே. இருக்கிற இடத்தில் நீ வலியில்லாமல் இருக்க வேண்டும், என் கண்ணே.

இப்படிக்கு,
உன் அம்மா,
உன் மகளுக்குப் பாட்டி.